நண்பர்களுடனான கொல்ஃப் ஆட்டத்தில், குழிக்கு அருகில் நிற்கும் பந்தைக் கையால் எடுப்பது சரியா?

தரவைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் கொக்குவிலைச் சேர்ந்தவன். ரொறன்ரோவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த காலத்தில் கொல்ஃப் பழகினேன். ஊருக்குத் திரும்பியபோது மட்டைகளையும் கொண்டுவந்தேன். நாங்கள் போய் ஆடக்கூடிய மைதானம் யாழ்ப்பாணத்தில் இல்லாதபடியால், ஒன்றாகப் படித்த மூன்று நண்பர்களுடன் ஞாயிறுதோறும் விடியற்காலையில் பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்துக்குப் போய், அங்கு மாடுகள் மேயும் திறந்த வெளியான ஒரு தரவையில் ஐந்து குழிகள் அமைத்து ஆடி வருகிறோம். எங்களில் ஒருவரும் திறமைசாலி அல்லர். நால்வரும் அறுபதை நெருங்குகிறோம். ஆனாலும் அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகவே கிழமை முழுவதும் காத்திருக்கிறோம்.

சென்ற ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். கடைசிக் குழியில், மருந்துக்கடை நடத்தும் நண்பரின் பந்து குழியிலிருந்து ஏறத்தாழ மூன்று அடி தூரத்தில் நின்றது. அவர், "இது எப்படியும் விழும்தானே" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அந்தக் குழிக்கு நான்கு அடிகள் என்று எழுதும்படி சொன்னார். குறைந்த தடவைகள் மட்டையால் அடித்து முடிப்பவர்தான் வெல்வார். அந்த நான்கினால் அவர் ஒரேயொரு மட்டையடி வித்தியாசத்தில் வென்றார். எங்களுக்கு எண்ணிக்கை எழுதுபவர், வங்கியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற நண்பர். இரண்டாவதாக வந்தவரும் அவர்தான். அவர் ஒன்றும் பேசாமல் நான்கு என்று எழுதினார். தாளை இரண்டாக மடித்தார், பிறகு நான்காக மடித்தார். வழக்கமாக நாங்கள் குடிக்கும் தேநீருக்கு நிற்காமல், மகளை எங்கோ ஏற்றிப்போக வேண்டும் என்று சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை தொலைபேசியில் அழைத்தேன். நன்றாகத்தான் பேசினார், ஆனால் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட சிநேகிதம் மூன்று அடித் தூரத்தில் இடறி நிற்பது எனக்குத் தாங்கவில்லை. இனிமேல் ஒவ்வொரு பந்தையும் குழிக்குள் விழுத்தியே ஆக வேண்டும் என்று கண்டிப்பாக ஆடுவதா, அல்லது எண்ணிக்கையையே விட்டுவிடுவதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய மட்டை

தம்பி, அறுபதை நெருங்குபவரைத் தம்பி என்று அழைக்கும் வயது எனக்கு உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கில் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஆடி வருகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் நண்பர்கள் இருவருமே விதியை அறியாமல் மனம் நொந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கொல்ஃபில் இரண்டு வகை ஆட்டங்கள் முதன்மையானவை. குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் ஆட்டம் ஒன்று; மொத்த அடிகளைக் கூட்டிப் பார்க்கும் ஆட்டம் மற்றையது. முதல் வகையில், எதிராளியின் பந்து குழிக்கு அருகில் நின்றால், "அது விழுந்ததாகவே இருக்கட்டும்" என்று நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்த பின்னர் அதைத் திரும்பப் பெறவும் முடியாது, அவர் அதை மறுக்கவும் முடியாது. இரண்டாவது வகையில் விட்டுக்கொடுத்தல் என்பதே கிடையாது. பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். நீங்கள் மொத்த அடிகளை எண்ணிக்கொண்டு, முதல் வகைக்குரிய சலுகையைக் கைக்கொண்டிருக்கிறீர்கள். அதிலும் அந்தச் சலுகையை ஆடியவரே தமக்கு வழங்கிக்கொண்டார். கொடுப்பது எதிராளியின் உரிமை. எந்த வகை ஆட்டத்திலும் தானாக எடுத்துக்கொள்ள ஒருவருக்கும் இடமில்லை.

1969 இல், ரோயல் பேர்க்டேல் மைதானத்தில் நடந்த ரைடர் கிண்ணப் போட்டியின் கடைசி நாளில், கடைசிக் குழியில், அமெரிக்காவின் ஜக் நிக்லாஸ் தம்முடைய பந்தை விழுத்திவிட்டு, பிரித்தானியாவின் ரோனி ஜக்லின் அடிக்க வேண்டியிருந்த இரண்டு மூன்று அடித் தூரத்துப் பந்தைத் தாமே விட்டுக்கொடுத்தார். அதனால் இரு அணிகளும் 16 க்கு 16 என்று சமநிலையில் முடித்தன; அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதுதான் முதற் சமநிலை. நிக்லாஸின் அணித்தலைவர் சாம் ஸ்னீடுக்கு அது பிடிக்கவில்லை என்பதும் தெரிந்த செய்தி. அந்தப் பந்தை ஜக்லின் தாமாகக் குனிந்து எடுத்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் மருந்துக்கடை நண்பரிடம் அன்பாகக் கேட்டுப் பாருங்கள்.


கோண்டாவில் இளையவன்

எண்ணுவதை விட்டுவிடுவதுதான் நல்லது என்று நான் நினைக்கிறேன். பொழுதுபோக்குக்காக ஆடுகிறவர்களுக்குக் கணக்கு எதற்கு?

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம், தரவையில் கொல்ஃப் ஆடலாம் என்பதுதான். இது கொழும்பிலும் நுவரெலியாவிலும் வசதி படைத்தவர்கள் ஆடுவது என்றே நினைத்திருந்தேன். குழிகளை எப்படி அமைத்தீர்கள்? மாடுகள் இருக்கும் இடமல்லவா? சற்று விரிவாக எழுதுவீர்களா?


தரவைக்காற்று

பழைய மட்டை ஐயாவுக்கு நன்றி. கொடுப்பது, எடுப்பது என்ற வேறுபாட்டை நான் இதுவரை இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. ரொறன்ரோவில் எல்லோரும் எல்லோருக்கும் "எடு, எடு" என்று சொல்லிக்கொண்டே போவோம். அங்கே யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை.

இளையவனுக்கு விரிவாகவே எழுதுகிறேன். மாரி மழையில் தரவை முழுவதும் தண்ணீர் நிற்கும். தையில் வற்றத் தொடங்கும். மாசியிலும் பங்குனியிலும் மாடுகளும் ஆடுகளும் மேய்ந்து மேய்ந்து புல்லைக் கட்டையாக்கிவிடும், மண் இறுகியிருக்கும், பந்து விழுந்து நன்றாக ஓடும். எங்களுக்கு அதுவே சிறந்த பருவம். வைகாசிக்குப் பிறகு சோழகம் எழுந்துவிட்டால் ஆட்டமே வேறு. காற்றை எதிர்த்து அடிக்கும்போது, நூறு யார் போக வேண்டிய பந்து எழுபதில் விழும். அதை வெல்லப் பந்தைத் தாழ்வாக அடிக்கப் பழக வேண்டும்: பந்தைச் சற்று வலது காற்பக்கம் வைத்து, மட்டையைக் குறுக்கிப் பிடித்து, அடித்த பிறகு கையை உயர்த்தாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்களில் தோட்டம் செய்யும் நண்பர்தான் இதை முதலில் பிடித்துக்கொண்டார். கிட்டியடித்து வளர்ந்த கை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

தொடங்குவதற்கு முன்னர் கிராம சேவகரிடமும் மாட்டுக்காரர்களிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே இறங்கினோம். மாடுகள் மேயும் பக்கத்துக்கு ஒருபோதும் அடிப்பதில்லை. பந்தை நெடுந்தூரம் அடிக்கும் ட்ரைவர் மட்டையைக் கொண்டுபோவதே இல்லை. ஆளுக்கு நடுத்தூரத்துக்கு அடிக்கும் ஓர் 7 ஆம் இலக்க அயன் மட்டை, கிட்டத்துக்கு உயர்த்தி அடிக்கும் ஒரு வெட்ஜ், நால்வருக்கும் பொதுவாகப் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் இரண்டு பட்டர், அவ்வளவுதான். குழி என்பது, மண்ணில் புதைத்த பழைய குழந்தைப் பால்மா டின். விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். எங்கள் டின் அதைவிடச் சற்று ஒடுக்கம். டின்னைச் சுற்றி ஆறேழு அடிக்கு ஈர்க்குமாற்றால் கூட்டிவிட்டால் அதுவே எங்கள் கிறீன், அதாவது குழியைச் சுற்றிப் பந்தை உருட்டி ஆடும் இடம். ஆட்டம் முடிந்ததும் ஐந்து டின்களையும் கிளப்பி எடுத்து, குழிகளை மண்ணால் நிரப்பி மிதித்துவிட்டே திரும்புகிறோம். மாட்டின் கால் குழிக்குள் போனால் முறிந்துவிடும். அப்படி ஒன்று நடந்தால் அந்தத் தரவையில் மறுபடியும் கால்வைக்கும் தகுதி எங்களுக்கு இராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் ஒரு மணற்பள்ளம் இருக்கிறது. கொல்ஃபில் அதற்குப் பங்கர் என்று பெயர். எங்களில் ஒருவரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. பங்கர் என்றால் வீட்டுக் கோடிக்குள் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, பிள்ளைகளை உள்ளே இருத்திய குழி என்றுதான் எங்கள் தலைமுறைக்குப் பொருள். நாங்கள் அதை மணற்பள்ளம் என்றே சொல்கிறோம்.

எண்ணிக்கையை விடுவது பற்றி: முன்பு இரண்டு ஞாயிறு விட்டுப் பார்த்தோம். மூன்றாவது குழியோடு பேச்சு அரசியலுக்குப் போய்விட்டது, பந்தை ஒருவரும் தேடவில்லை. ஆகவே ஏதோ ஒரு கணக்கு வேண்டும் என்றே நினைக்கிறேன். ஐயாவிடம் ஒரு கேள்வி: ஈரத்தில் மாடுகள் மிதித்த குளம்படிகள் பிறகு காய்ந்து கல்லாகிவிடுகின்றன. பந்து அதற்குள் போய் உட்கார்ந்தால் என்ன செய்வது? சாணத்தின் மேல் நின்றால்?


பழைய மட்டை

சாணம், விதிப்படி, அகற்றக்கூடிய தளர்ந்த பொருள்களில் அடங்கும். இலை, கல், சுள்ளி போன்றதுதான். பந்து அசையாமல் அகற்ற முடிந்தால் அகற்றலாம். சாணத்தின் மேலேயே பந்து நின்றால் அதற்கு இலவச விலக்கு இல்லை, அதாவது தண்டமின்றிப் பந்தைத் தள்ளி வைக்க முடியாது. குளம்படி சற்றுக் கடினமான விடயம். விலங்கு தோண்டிய வளைக்கு இலவச விலக்கு உண்டு, ஆனால் தனிக் குளம்படி அந்த வகையில் சேராது. அது நிலத்தின் மேடுபள்ளமாகவே கொள்ளப்படும். கிறீனில் இருந்தால் மட்டும் அதைச் சீர்செய்துவிட்டு ஆடலாம். எனினும் நீங்கள் நால்வரும் ஆடத் தொடங்குவதற்கு முன்பே, "குளம்படிக்குள் பந்து போனால் ஒரு சாண் தள்ளி வைக்கலாம்" என்று பேசி வைத்துக்கொண்டால் அதில் குற்றமில்லை. பெரிய மைதானங்களிலும் மழைக்காலத்தில் அத்தகைய உள்ளூர் விதியைப் போடுவார்கள். முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஐந்து குழிகள்தானே என்று குறைவாக எண்ண வேண்டாம். இந்த விளையாட்டுக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து விதிகள் 1744 இல் எடின்பரோவுக்குப் பக்கத்திலுள்ள லீத் புல்வெளிக்காக எழுதப்பட்ட 13 விதிகள். அந்தப் புல்வெளியில் அப்போது இருந்தவை ஐந்தே குழிகள். ஸ்கொட்லாந்தின் செயின்ற் அன்றூஸ் மைதானத்தில் 22 ஆக இருந்த குழிகள் 18 ஆனதே 1764 இல்தான். கடலோர மணற்பாங்கான நிலம், ஓயாத காற்று, கால்நடை மேய்ந்து கட்டையாக்கிய புல்: ஸ்கொட்லாந்துக்காரர் இந்த ஆட்டத்தை வளர்த்த நிலத்தின் இலக்கணம் இதுதான். உங்கள் தரவையைப் பற்றி வாசித்தபோது எனக்கு உண்மையாகவே பொறாமையாக இருந்தது.


வடமராட்சி ஆசிரியை

நான் கனடாவின் மார்க்கம் நகரில் இருந்தபோது ஐந்து கோடைகள் ஆடியவள். இப்போது பருத்தித்துறையில் இருக்கிறேன். பழைய மட்டை ஐயா சொன்ன விதிகளை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்டிப்பு எங்கே முடியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் பழகத் தொடங்கிய முதலாவது கோடையில், எங்களுடன் ஆடிய ஒருவர் என் அடிகளை உரத்த குரலில் எண்ணிக்கொண்டு வருவார். ஏழு, எட்டு, ஒன்பது. அவர் ஒரு பிழையும் செய்யவில்லை; எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் ஒன்பது என்ற சொல்லைக் கேட்டபோது என் கை நடுங்கி, பத்தாவது அடியில் பந்தைத் தொடவே இல்லை. அடுத்த கிழமை நான் போகவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு தோழி வற்புறுத்தி அழைத்துச் சென்றபோதுதான் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையைக் கற்றேன்.

அதில் அடிகளைக் கூட்டுவதில்லை, புள்ளிகளைக் கூட்டுவார்கள். ஒரு குழியை இத்தனை அடிகளில் முடிக்கலாம் என்று வகுத்த எண்ணிக்கைக்குப் பார் என்று பெயர். அந்த எண்ணிக்கையில் முடித்தால் 2 புள்ளி. ஓரடி கூடினால் 1. ஓரடி குறைந்தால் 3. ஈரடி கூடினாலோ அதற்கு மேலே போனாலோ புள்ளி இல்லை. ஆகவே புள்ளி கிடைக்காது என்று தெரிந்தவுடன் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். அங்கே பந்தைக் கையால் எடுப்பது விதிக்கு உட்பட்டதே. அதனால் ஒருவருடைய புள்ளியும் குறைவதில்லை. பிராங் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற வைத்தியர் வகுத்த இந்த முறையில், 1932 இல் லிவர்பூலுக்கு அருகிலுள்ள வாலசியில் போட்டி நடத்தினார்கள். வாலசியும் காற்றடிக்கும் கடற்கரை மைதானம்தான். ஓரிரு குழிகளில் ஆட்டம் கெட்டுப்போனவர் மனம் விட்டுப்போகாமல் கடைசிவரை ஆட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

உங்கள் ஐந்து குழிகளுக்கும் பார் 3 என்று வைத்துக்கொண்டு, புதிதாகப் பழகுபவருக்குக் குழிக்கு ஒரு மட்டையடியைக் கணக்கில் குறைத்துச் சலுகை கொடுங்கள். ஆனால் புள்ளி கிடைக்கும் நிலையில் இருக்கும் பந்தைக் கட்டாயம் குழிக்குள் விழுத்துங்கள். பால்மா டின்னுக்குள் பந்து விழும்போது ஒரு சத்தம் கேட்குமல்லவா? கையால் எடுப்பவர் அதைத்தான் இழக்கிறார்.


சீனக்குடாவிலிருந்து

எங்கள் பக்கத்தில் விமானப்படை நடத்தும் மைதானம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் சிலர் வந்து ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். விடியப் புறப்பட்டு, நான்கைந்து மணித்தியாலம் வாகனத்தில் குந்தியிருந்து, இடுப்பு இறுகிப்போய் இறங்குபவரிடம் முதலாவது அடியிலிருந்தே எண்ணுவோம் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படுவதில்லை. நாங்கள் முதற்குழியில் ஒரு மல்லிகன் கொடுக்கிறோம், அதாவது முதல் அடி பிசகினால் எண்ணாமல் மறுபடியும் அடிக்கலாம். விதிப் புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை என்பது தெரியும். நால்வருக்கும் ஒன்று என்று முன்பே சொல்லிவிடுகிறோம். இதுவரை மனக்கசப்பு வந்ததில்லை.

உங்கள் நால்வருக்கும் திருகோணமலைக்கு அழைப்பு. வெயில் ஏறுமுன் தொடங்க வேண்டும். தொப்பி, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் கட்டாயம்.


பழைய மட்டை

மல்லிகன் விடயத்தில் நான் உடன்படவில்லை. நண்பர்களுக்கிடையில் என்ன சலுகையும் பேசிக்கொள்ளலாம், சரி. ஆனால் முதலாவது அடியின் பதற்றமும் ஆட்டத்தின் ஒரு பகுதி அல்லவா? 1925 இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில், பொபி ஜோன்ஸ் புல்லுக்குள் நின்ற தம் பந்து சற்று அசைந்துவிட்டது என்று தாமாகவே சொல்லி ஓரடி தண்டத்தை ஏற்றார். வேறு ஒருவரும் அதைக் காணவில்லை. முடிவில் சமநிலை; மேலதிக ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேனிடம் ஓரடியால் தோற்றார். அவர் தமக்குத் தாமே காவலாக நின்றார். அந்தப் பழக்கத்தைச் சிறு ஆட்டங்களிலும் பேணவே நான் விரும்புகிறேன்.

ஆசிரியை சொன்ன ஸ்டேபிள்ஃபோர்ட் யோசனை மிக நல்லது. நான் சொல்லியிருக்க வேண்டியது. வாலசி என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ஒருவர் காதில் விழும்படி அவருடைய அடிகளை எண்ணுவது அநாகரிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.


வடமராட்சி ஆசிரியை

பொபி ஜோன்ஸ் ஆடியது அமெரிக்காவின் மிகப்பெரிய போட்டி, ஐயா. இவர்கள் விடியப்புறம் தரவையில் ஆடும் நான்கு சிநேகிதர். இருந்தாலும் ஒன்றில் உங்களுடன் நிற்கிறேன்: கொடுக்கும் சலுகை நால்வருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். தரவைக்காற்று, உங்கள் வங்கி நண்பருக்கும் அதே தூரத்தில் அன்று பந்து நின்றதா என்று விசாரித்தீர்களா?


தரவைக்காற்று

ஆசிரியையின் கேள்வியை வாசித்ததும் எனக்கு நெஞ்சில் தைத்தது. நான் விசாரிக்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் வங்கி நண்பருடைய வீட்டுக்கே போனேன். முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார்.

மூன்றாவது குழியில் நான் தாழம்புதருக்குள் என் பந்தைத் தேடிக்கொண்டிருந்த நேரம், அவருடைய பந்து டின்னிலிருந்து இரண்டடிகூட இல்லாத தூரத்தில் நின்றிருக்கிறது. மருந்துக்கடை நண்பர் பக்கத்தில் நின்றும், "எடு" என்று சொல்லவில்லை. வங்கி நண்பர் அடித்தார், பந்து டின்னின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அதில் ஓரடி போனது. அதே நண்பர் கடைசிக் குழியில் மூன்றடித் தூரத்துப் பந்தைத் தானாக எடுத்ததைக் கண்டபோது, "என்னைக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன், அவன் கேட்கவில்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது. நாற்பது ஆண்டுகளில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு மூன்றாவது குழி ஞாபகத்திலேயே இல்லை. கணக்குப் பேரேட்டை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அன்று இரவே அவர் வங்கி நண்பரை அழைத்துப் பேசியிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

நேற்று நால்வரும் போனோம். ஆடுவதற்கு முன்னர் வாகனத்தின் முன்மூடியில் தாளை விரித்து வைத்து மூன்று விடயங்களை எழுதினோம். புள்ளி முறையில் ஆடுவது. குளம்படிக்குள் போன பந்தை ஒரு சாண் தள்ளி வைப்பது. பட்டரை டின்னின் விளிம்பிலிருந்து நிலத்தில் கிடத்தி, அதன் பிடி தொடங்கும் இடத்துக்குள் பந்து இருந்தால் மற்றவர் "எடு" என்று சொல்வது, அவர் சொல்லாமல் ஒருவரும் தன் பந்தைத் தொடாதிருப்பது. மல்லிகன் பற்றிப் பேசினோம். தோட்டக்கார நண்பர் வேண்டாம் என்றார். அவர் சொன்னபடியே விட்டுவிட்டோம். சீனக்குடாவுக்கு வரும்போது உங்கள் வழக்கப்படி ஆடுகிறோம்.

நான்காவது குழியில் மருந்துக்கடை நண்பரின் பந்து எல்லையில் நின்றது. அவர் வங்கி நண்பரைப் பார்த்தார். வங்கி நண்பருக்கு முழங்கால் வலி இருந்தும், ஒரு கையை நிலத்தில் ஊன்றிக் குந்தி, பட்டரைக் கிடத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அளந்தார். "இரண்டு விரல் வெளியிலை நிக்குது, அடி" என்றார். மற்றவர் அடித்தார், டின்னுக்குள் பந்து விழுந்த சத்தம் எனக்குத் தூரத்திலேயே கேட்டது. வங்கி நண்பர் எழும்புவதற்குக் கையை நீட்டினார். மருந்துக்கடை நண்பர் பிடித்துத் தூக்கிவிட்டார். வென்றது இருவருமல்ல, தோட்டக்கார நண்பர், ஏழு புள்ளி. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்து முடிக்கும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. அப்போதும் ஒருவரும் எழும்பவில்லை.

இளையவனுக்கு: என்னிடம் 7 ஆம் இலக்க அயன் ஒன்று மேலதிகமாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பண்ணைப் பாலத்தடியில் நின்றால் ஏற்றிக்கொண்டு போகிறோம். செருப்பு வேண்டாம், சப்பாத்து போட்டு வாருங்கள். தரவையில் நெருஞ்சி முள் அதிகம்.


கோண்டாவில் இளையவன்

வருகிறேன் ஐயா. ஈர்க்குமாறு ஒன்றும் கொண்டுவருகிறேன்.